இடிமேகத்தைத் துரத்தாதீர்கள், முந்திப் போய் நில்லுங்கள்: தமிழ்நாட்டில் இடிமழையைப் படம்பிடிக்கும் முறை

அமெரிக்காவின் ஒக்லஹோமா, கான்சாஸ் சமவெளிகளில் படம்பிடிப்பவர்கள் ஒரே இடிமேகத்தைக் காரில் மணிக்கணக்காகப் பின்தொடர்கிறார்கள். அங்கே தரையில் வீசும் காற்றும் உயரத்தில் வீசும் காற்றும் திசையிலும் வேகத்திலும் வெகுவாக வேறுபடும். அதனால் மேகமே சுழலத் தொடங்கி, மழை விழும் இடமும் காற்று ஏறும் இடமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். தன் மழையால் தானே அணைந்துபோகாத மேகம் நெடுநேரம் நிற்கும்.

நம் ஊர் வெப்பச்சலன மேகம் அப்படியில்லை. காற்று ஏறுகிற வழியிலேயே மழை கொட்டி, ஏறுகாற்றை அமுக்கிவிடும். தனி மேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரைதான். ரேடாரில் சிவப்பைப் பார்த்துவிட்டு 40 கி.மீ. ஓட்டிப் போனால், போய்ச் சேரும்போது தூறலும் ஈரச் சாலையும்தான் மிச்சமிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வருடம் முழுக்கச் செய்யும் தவறு இது.

ஆனால் சாகிற மேகம் சும்மா சாவதில்லை. அது கொட்டிய குளிர்காற்று தரையில் மோதி, முன்னோக்கிப் பரவி, எதிரே இருக்கும் சூடான ஈரக்காற்றைத் தூக்கிவிடும். அங்கே அடுத்த மேகம் எழும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அதற்கும் முன்னால். மழை இருக்கும் இடத்துக்குப் போகாமல், இன்னும் ஒரு மணி நேரத்தில் மழை வரப்போகும் இடத்துக்குப் போய், கேமராவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதற்கான வழிகள்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

ஏப்ரல், மே மாதங்களில் மேற்கு உள் மாவட்டங்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மலைச்சரிவுகளில் மதியத்துக்கு மேல் மேகம் கட்டி, ஈரோடு, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாலையில் கொட்டும். ஓசூர் பக்கம் ஆலங்கட்டியும் விழும். மின்னல் தெளிவாகக் கிடைக்கும் காலம் இது. காற்றில் புழுதி இருந்தாலும் இடைப்பட்ட தாழ்மேகம் குறைவு என்பதால், மேகத்தை அடி முதல் உச்சி வரை தூரத்திலிருந்தே எடுக்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வட மாவட்டங்கள். ஜவ்வாது மலை, ஏலகிரி, ஆந்திர எல்லைக் குன்றுகள் ஆகியவற்றில் பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் மேகம் எழும்பும். நடு உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளும். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் எனச் சங்கிலியாகச் செத்தும் பிறந்தும் வந்து, சென்னைக்கு மாலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள் வந்து சேரும். படம்பிடிக்கப் பழகுவதற்கு இந்தக் காலமே சிறந்தது. வரும் திசை ஏறக்குறைய நிச்சயம், வருவதற்கு முன் மூன்று நான்கு மணி நேரம் கையில் இருக்கும்.

அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவமழையில், இரவிலும் விடியற்காலையிலும் கடல்மேல் மேகம் கட்டும். கடற்கரையிலிருந்து கிழக்கே பார்த்தால் அடிவானத்தில் மின்னல் ஓடும். தாழ்மேகம் நிறைய இருக்கும், வெற்றி குறைவு. ஆனாலும் கடலில் பிரதிபலிக்கும் மின்னல் கிடைத்தால் அந்த ஒரு படம் போதும்.

காலையில் பத்து நிமிடம்

மீனம்பாக்கத்தில் தினமும் காலை 5:30 மணிக் கணக்குக்கு விடப்படும் வானிலை பலூனின் தரவு, சில மணி நேரத்தில் இணையத்துக்கு வந்துவிடும். வயோமிங் பல்கலைக்கழகத்தின் தளத்தில் 43279 என்ற நிலைய எண்ணில் எடுக்கலாம். அதில் நான்கைப் பாருங்கள். ‘கேப்’ எனப்படும் மிதப்பு ஆற்றல் கிலோவுக்கு 2,000 ஜூலுக்கு மேல் இருந்தால் நல்லது. காற்றில் உள்ள மொத்த நீர் 50 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ‘சின்’ எனப்படும் மூடி மிகக் கனமாக இருந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேகம் மேலே உடைத்துக்கொண்டு வராது. நான்காவது, 3 கி.மீ. முதல் 6 கி.மீ. உயரத்தில் வீசும் காற்றின் திசை. மேகம் அன்றைக்கு எந்தப் பக்கம் நகரும் என்பதை அதுதான் சொல்லும்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கடற்காற்று எத்தனை மணிக்கு நுழைகிறது என்பது. தரையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும், வெயில் 40 டிகிரியைத் தொடும். நுழைந்த பிறகு கடற்காற்றின் முனை உள்ளே போய் மேற்குக் காற்றோடு மோதும் கோடுதான் மேகத்துக்கு ஏணி. மேற்கிலிருந்து வரும் இடிமேகம் அந்தக் கோட்டைத் தொடும்போது திடீரென்று பெருப்பதை ரேடாரில் பலமுறை காணலாம்.

ரேடாரைப் படிப்பது

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படங்கள் கிடைக்கும். படத்தின் மூலையில் உள்ள நேரத்தை முதலில் பாருங்கள். உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இதை மறந்தால் பழைய படத்தை வைத்துக்கொண்டு முடிவெடுப்பீர்கள். படம் தளத்துக்கு வருவதற்குச் சில நிமிடம் பிடிக்கும். ஆகவே நீங்கள் பார்ப்பது எப்போதும் பத்து, பதினைந்து நிமிடம் பழைய வானம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நகரும் மேகம் அதற்குள் 10 கி.மீ. வரை தாண்டியிருக்கும்.

‘மேக்ஸ் இசட்’ என்ற படத்தில் பலரும் நடுவில் உள்ள வட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். மேலேயும் வலப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பட்டைகளில்தான் விஷயம் இருக்கிறது. மேகத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தது போல உயரத்தைக் காட்டும் பட்டைகள் அவை. வட்டத்தில் இரண்டு மேகமும் ஒரே சிவப்பாகத் தெரிந்தாலும், பட்டையில் ஒன்று 6 கி.மீ.யோடு நின்றிருக்கும், மற்றது 14 கி.மீ. ஏறியிருக்கும். மின்னல் இரண்டாவதில். அடர்ந்த நிறம் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் மேகம் வளர்கிறது; அடுத்த படத்தில் அதே நிறம் தரைக்கு இறங்கிவிட்டால் மழை கொட்டிவிட்டது, மேகம் வற்றப்போகிறது. ரேடாருக்குத் திரும்பும் எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அலகு டிபிஇசட்; அது 45-க்கு மேல் இருந்தால் கனமழை, 55-ஐத் தாண்டினால் ஆலங்கட்டிக்கும் வாய்ப்பு.

இன்னொரு நுணுக்கம். பெரிய மேகத்துக்கு முன்னால் மெல்லிய, வெளிறிய வில் போன்ற கோடு ஒன்று ரேடாரில் தெரியலாம். மழையில்லாத அந்தக் கோடுதான் குளிர்காற்றின் முனை. ரேடாருக்கு அருகில் இருந்தால்தான் தெரியும். பூமி வளைந்திருப்பதால் தூரம் போகப்போக ரேடார் கதிர் உயர்ந்துவிடும், 250 கி.மீ. தொலைவில் அது 5 கி.மீ.க்கு மேலே போய்விடும். கொங்கு வட்டாரத்துக்குச் சென்னை, காரைக்கால் ரேடார்களை நம்பிப் பயனில்லாததற்குக் காரணம் இதுதான். அங்கே இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் செயற்கைக்கோள் படங்களையும், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணையும் நம்புங்கள். தாமினி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் விழும் மின்னலைக் காட்டும்.

கண்ணால் பார்ப்பது

மேகத்தின் தலை காலிஃபிளவர் போல, விளிம்பு கூராக இருந்தால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. விளிம்பு பஞ்சு பிரிந்தது போல மங்கினால் உச்சி பனியாகிவிட்டது, மின்னல் தொடங்கியிருக்கும். நம் பகுதியில் உச்சி 15 கி.மீ.யையும் தாண்டும் என்பதால், வானம் சுத்தமாக இருக்கும் மாலையில் 150 கி.மீ. தூரத்து மேகமும் தெரியும்.

ஏறிய மேகம் உச்சியில் பட்டறைக்கல் போலத் தட்டையாகப் பரவும். பரவும் பக்கம்தான் மேகம் வரும் பக்கம் என்று அமெரிக்கக் காணொளிகளில் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே இதை நம்பினால் தவறான ஊரில் நிற்பீர்கள். அந்த மாதங்களில் நம் தலைக்கு மேல் 14, 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. மேகத்தின் உடம்பு கிழக்கே நகர, தலை மட்டும் மேற்கே இழுபடும். அதனால் சென்னையில் நிற்பவருக்கு வானம் முன்கூட்டியே மூடாது. மேற்கே வெயில் மங்காமல் இருக்கும்போதே கருமேகம் சுவர் போல எழுந்து நிற்கும். பட்டறை மறைக்காத அந்தச் சுவரை எடுக்க 70-200 மி.மீ. லென்ஸ் போதும். சூரியன் மேகத்துக்குப் பின்னால் இறங்கும் மாலை 5 மணிக்கு மேல் விளிம்பு வெள்ளியாக ஒளிரும்.

ஷெல்ஃப் மேகம் வரும் பதினைந்து நிமிடங்கள்

குளிர்காற்றின் முனைக்கு மேல், அடுக்கு வைத்தது போலத் தாழ்வாக உருண்டு வரும் மேகம்தான் ஷெல்ஃப் மேகம். சென்னைக்கு மேற்கே நிற்கும்போது அது வரும் விதம் இது. அதுவரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்த கடற்காற்று நின்றுபோகும். வேப்பிலை அசையாது. ஒன்றிரண்டு நிமிடம் புழுக்கம் கூடும். மேற்கு அடிவானத்தில் கரும்பட்டை ஒன்று தெரியும். அதன் மேல்விளிம்பு வழுவழுப்பாக, அடிப்பகுதி கிழிந்து தொங்கும். அதற்குப் பின்னால் மழை வெளிர்ச் சாம்பல் திரையாக நிற்கும். பிறகு மண்வாசனை. அப்புறம் புழுதியோடு மேற்குக் காற்று அறையும், வெப்பம் சில நிமிடங்களில் 5 முதல் 10 டிகிரி வரை இறங்கும்.

பட்டை அடிவானத்தில் தெரிந்த உடனே ஒரு நொடிக்கு ஒரு படம் என டைம்லாப்ஸ் ஓட ஆரம்பிக்க வேண்டும். லென்ஸ் 14 முதல் 20 மி.மீ. வரை. சட்டகத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு தரை இருக்கட்டும். ஒரு பனைமரமோ மின்கோபுரமோ உள்ளே வந்தால்தான் அளவு புரியும். வெளிச்ச அளவைக் கரும்பட்டையின் மேல்விளிம்பை வைத்து அமைத்து, மேனுவலில் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் மேகம் நெருங்க நெருங்கக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கருமை சாம்பலாகி, படம் முழுக்க மினுக்கும். பட்டை அடிவானத்துக்கும் உச்சிவானத்துக்கும் நடுவே பாதி உயரம் ஏறும்போது நிறுத்திவிட்டுக் கேமராவோடு காருக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும், அந்த நேரத்தில் ட்ரைபாடை மடக்க முடியாது.

பொதுவான மேக வளர்ச்சிக்கு 3 நொடிக்கு ஒரு படம் சரி. அரை மணிக்கு 600 படம். நொடிக்கு 25 என ஓட்டினால் 24 நொடிக் காட்சி.

இரவு மின்னல்

மின்னலின் ஒளி நொடியின் சிறு துணுக்கில் முடிந்துவிடுகிறது. ஷட்டர் 5 நொடி திறந்திருந்தாலும் 20 நொடி திறந்திருந்தாலும் மின்னல்கோட்டின் பிரகாசம் மாறாது. பின்னணி மட்டும்தான் மாறும். கோட்டின் பிரகாசத்தை அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும்) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பட்டியலும் தேவையில்லை. தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 15 நொடி. மேகம் 20 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் எஃப்/4 அல்லது 5.6. 10 கி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் எஃப்/11. கோடு வெள்ளைப் பட்டையாகத் தடித்துக் கிளைகள் கரைந்துவிட்டால் அப்பர்ச்சரை இன்னும் ஒரு படி சுருக்குங்கள். நகர வெளிச்சத்தில் வானம் ஆரஞ்சாக வெளுத்தால் நொடிகளைக் குறையுங்கள், அப்பர்ச்சரைத் தொடாதீர்கள்.

ஃபோகஸை மேனுவலில் வையுங்கள். தூரத்து செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும்வரை திருப்பி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். வளையத்தில் முடிவிலிக் குறி இருக்கும் இடத்தை நம்பாதீர்கள். பல லென்ஸ்களில் அது சற்றுத் தள்ளியிருக்கும். வெள்ளைச் சமநிலை 4,000 கெல்வின் பக்கம், கோப்பு ‘ரா’ வடிவில். ட்ரைபாடில் நிற்கும்போது அதிர்வு தடுப்பை அணைக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் ஓர் அமைப்பு, நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பு. அது இயங்கினால் 15 நொடிப் படம் ஒன்றுக்குப் பிறகு கேமரா இன்னொரு 15 நொடி இருட்டுப் படத்தைத் தானே எடுத்துக்கொண்டிருக்கும். பாதி மின்னல் அந்த நேரத்தில்தான் விழும். அணைத்துவிடுங்கள். கேபிள் ரிலீஸைத் தொடர் எடுப்பில் பூட்டிவிட்டால் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தொடங்கும். நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. நூறு படம் எடுத்து ஐந்தில் மின்னல் இருந்தால் நல்ல இரவு.

பகலிலும் அந்தியிலும்

பகல்தான் கடினம். கருமேகத்தின் கீழே ஐஎஸ்ஓ 100, எஃப்/16-இல் கால் நொடி கிடைக்கும். ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு இதை 10 நொடியாக நீட்டலாம் என்று தோன்றும். ஃபில்டர் மின்னலையும் சேர்த்தே மங்கவைக்கும் என்பதால் கோடு மறைந்துபோகும். எஃப்/11-இலிருந்து 16-க்குள் வைத்து, கால் நொடி வேகத்தில் தொடர்ந்து எடுத்துத் தள்ளுவது இதைவிட மேல்.

மின்னல் டிரிக்கர் வாங்கலாம். ஒளி திடீரென்று மாறுவதை உணர்ந்து ஷட்டரை இயக்கும் கருவி அது. ஒரு மின்னலில் பெரும்பாலும் மூன்று நான்கு அடிகள் ஒரே பாதையில், இடையே சுமார் 40, 50 மில்லிநொடி விட்டு இறங்குகின்றன. முதல் அடியைப் பார்த்துக் கேமரா திறப்பதற்குள் இரண்டாவது, மூன்றாவது அடி சிக்கும். ஒரே அடியோடு முடியும் மின்னல் தப்பிவிடும். டிரிக்கர் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப்பேரின் கேமரா, மின்சேமிப்புக்காகத் தூங்கப் போயிருக்கும். விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தானாக அணையும் அமைப்பை நீக்கி, ஆட்டோஃபோகஸையும் விலக்கி, மெக்கானிக்கல் ஷட்டரில் வையுங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டர் சட்டகத்தை வரிவரியாகப் படிப்பதால் பாதிப் படம் வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் வெட்டுப்பட்டு வரும்.

சூரியன் மறைந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் பொன்னான நேரம். மேகத்தின் நீலமும் மின்னலும் ஒன்றாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் எங்கே நிற்பது என்பதை மாலை 5 மணிக்கே முடிவு செய்துவிடுங்கள்.

காணொளி, செல்போன்

இரவுக் காணொளியை நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/25-இல் எடுத்தால் ஃப்ரேம்களுக்கு நடுவே சென்சார் மூடியிருக்கும் இடைவெளி இருக்காது. ஷட்டர் 1/1000 என்றால் பெரும்பகுதி நேரம் சென்சார் எதையும் பார்ப்பதில்லை. மின்னல் துண்டுதுண்டாகத்தான் பதியும். ஃபோகஸ், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். பளிச்சென்று வெளிச்சம் வந்ததும் ஆட்டோஃபோகஸ் தேடத் தொடங்கி, அடுத்த இரண்டு நொடியைக் கெடுக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணிக்கு 45 ஜி.பி. ஆகும், அதற்கேற்ற கார்டு வேண்டும்.

ஒலியைத் தானியங்கியில் விடாதீர்கள். அமைதியில் அது ஒலியைத் தூக்கிவைத்திருக்கும், இடி விழுந்ததும் கிழியும். மைக்குக்குப் பஞ்சுறை போட்டு, சாதாரண மழைச் சத்தம் அளவுமானியின் கீழ்ப்பாதியில் இருக்கும்படி மேனுவலில் வையுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை எடிட்டிங்கில் நீக்கி இரண்டையும் ஒட்டவைக்கும் பழக்கம் பெருகிவிட்டது. அந்த இடைவெளிதான் மேகம் எவ்வளவு தூரம் என்று பார்ப்பவருக்குச் சொல்கிறது. அதை அழிப்பது பொய்.

செல்போன் மட்டும் இருந்தாலும் போதும். சிறு ஸ்டாண்டில் நிறுத்தி, அடிவானத்து விளக்கின் மேல் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து 4கே காணொளி எடுங்கள். பிறகு வி.எல்.சி. போன்ற செயலியில் மின்னல் உள்ள ஃப்ரேமைத் தனிப்படமாக எடுக்கலாம். 8 மெகாபிக்ஸல் கிடைக்கும். ப்ரோ மோடில் நீண்ட எக்ஸ்போஷர் என்றால் ஐஎஸ்ஓ 50, 4 நொடி. செல்போனின் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாற்ற முடியாததாக, அகலமாக இருப்பதால் அருகில் விழும் மின்னல் வெந்து வெளுத்துவிடும். தூரத்து மேகத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஈரம்

ஏ.சி. காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் மூடுபனியாகும். துடைத்தால் மறுபடியும் வரும். கண்ணாடி சூடாகும்வரை வந்துகொண்டேயிருக்கும், 20, 30 நிமிடம் போய்விடும். இடத்தை அடைவதற்கு அரை மணி முன்பே ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அல்லது கேமராவைப் பையில் மூடி டிக்கியில் வைத்துக் கொண்டுபோங்கள். தூறலுக்குக் குளியலறையில் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி கச்சிதம். துடைக்க நான்கு மைக்ரோஃபைபர் துணி; ஒன்று நனைந்தால் அது தண்ணீரை இழுவிவிடுமே தவிரத் துடைக்காது.

எங்கே நிற்பது, எப்போது உள்ளே போவது

இடியோசை ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 நொடிக்குள் இடி கேட்டால் மேகம் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, வெளியே நிற்கும் நேரம் முடிந்தது. மழை தொடங்கவில்லையே என்று நிற்காதீர்கள். மேகத்தின் பக்கவாட்டிலிருந்து புறப்படும் மின்னல் மழையில்லாத இடத்தில் 10, 15 கி.மீ. தள்ளியும் இறங்கும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,800-க்கும் மேல். எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

மேற்கே தடையில்லாத பார்வை வேண்டும் என்று எல்லாரும் செம்பரம்பாக்கம், புழல் ஏரிக்கரைகளைத் தேடுகிறார்கள். மேகம் 30 கி.மீ. தள்ளி இருக்கும்வரை அவை அருமையான இடங்கள். அதற்குள் வந்துவிட்டால் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள் கரைமேல் நிற்கும் நீங்கள்தான். பக்கத்தில் பல மாடிக் கட்டடத்தின் மூடிய கார் நிறுத்தத் தளம் எங்கே என்று முன்பே பார்த்துவையுங்கள்.

வீட்டு மொட்டைமாடிதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் இடம். ட்ரைபாடை மாடியில் நிறுத்தி, தொடர் எடுப்பில் பூட்டிவிட்டு, நீங்கள் படிக்கட்டு அறைக்குள் வந்துவிடுங்கள். இரும்புக் கிரில், கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் ஏணி, டிஷ் ஆன்டெனா கேபிள் எதிலும் கை வைக்காதீர்கள். கேபிள் ரிலீஸ் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும் கூடாது. புளூடூத் ரிமோட் வாங்கிவிடுங்கள். கேமராவை இழக்கத் தயாராக இல்லையென்றால் அதையும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

உலோகக் கூரையுள்ள கார், கண்ணாடிகளை ஏற்றிய நிலையில், பாதுகாப்பானது. பைக், ஆட்டோ, தார்ப்பாய் போட்ட வேன், கூரைக்கொட்டகை, பஸ் நிறுத்த நிழற்குடை எதுவும் பாதுகாப்பில்லை. காருக்குள்ளிருந்து எடுக்க, ஒன்றரை கிலோ பச்சைப்பயறை இறுக்கமில்லாமல் துணிப்பையில் கட்டி, டாஷ்போர்டில் வைத்துக் கேமராவை அதில் அமுக்கிவையுங்கள். கண்ணாடியை ஒட்டி லென்ஸ் இருந்தால் பிரதிபலிப்பு வராது. சுற்றி ஒரு கறுப்புத் துணி போதும்.

ஒருவர் மின்னலால் தாக்கப்பட்டால் அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே மார்பு நடுவில் 5 செ.மீ. ஆழம் அழுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை சி.பி.ஆர். செய்யுங்கள். விரைவாகத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு.

சாலை

இந்த வேலையில் மின்னலுக்கு நிகரான ஆபத்து சாலைதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ரேடார் பார்க்க வேண்டும். தனியாகப் போனால் ரேடார் பார்க்க வண்டியை நிறுத்துங்கள். சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள். முதல் காற்றில் கிளை முறிந்து விழும். ஊருக்குள் தூங்குமூஞ்சி மரமும் மே ஃபிளவர் மரமும் அப்படித்தான். தேசிய நெடுஞ்சாலை 48-இல் சாலையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பது மழையில் லாரிக்காரருக்குத் தெரியாது. பெட்ரோல் பங்க்குக்கோ சாப்பாட்டுக் கடை வளாகத்துக்கோ போய்விடுங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் பார்க்க இறங்காதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் விலகி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மேகத்துக்கு முன்னால் நிற்பவருக்குத் தப்பும் வழி ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் வீசிய சூறாவளி (தரையைத் தொடும் சுழல்காற்றான டொர்னேடோ) திடீரென்று திசை மாறி 4 கி.மீ.க்கு மேல் அகலமானபோது, அனுபவம் மிக்க ஆய்வாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், உடனிருந்த கார்ல் யங் மூவரும் காரோடு சிக்கி இறந்தார்கள். நம் மேகங்கள் அவ்வளவு பெரிய சூறாவளியைத் தருவதில்லை. ஆனால் குளிர்காற்றின் முனை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 10 கி.மீ.யைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும், நீங்கள் மாட்டியிருப்பது ஒற்றையடி மண்சாலை என்றால் அதற்குள் சேறாகிவிடும். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். வண்டியைக் கிளம்பும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். கிழக்கே போகும் சாலை எது என்று வரைபடத்தில் முன்பே பார்த்து, அந்தப் பகுதியைச் செல்போனில் இறக்கிவையுங்கள். மழை தொடங்கியதும் டேட்டா போய்விடும்.

வீடு திரும்பிய பிறகு

ஒரே கோணத்தில் ட்ரைபாடை அசைக்காமல் எடுத்த படங்கள் இருந்தால், அவற்றை அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மிக வெளிச்சமானதை மட்டும் வைக்கும் ‘லைட்டன்’ முறையில் சேர்த்து ஒரு மணி நேர மின்னலை ஒரே படத்தில் காட்டலாம். அப்படிச் செய்திருந்தால் எத்தனை படம், எத்தனை நிமிடம் என்று கூடவே எழுதுங்கள்.

கேமராக் கடிகாரத்தைக் கிளம்பும் முன் செல்போனோடு நொடி பிசகாமல் ஒத்துவைத்திருந்தால் படத்தின் மதிப்பு கூடும். கோப்புப் பெயரில் தேதி, நேரம், நின்ற இடம், கேமரா பார்த்த திசை நான்கும் இருக்கட்டும். திசையைச் செல்போன் திசைகாட்டியில் டிகிரியாகவே குறியுங்கள். அந்த நேரத்து ரேடார் படத்தில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து கோடு போட்டால் எந்த மேகத்திலிருந்து மின்னல் இறங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். ரேடார் படங்கள் தளத்தில் மறைந்துவிடும், அன்றைக்கே சேமியுங்கள். ஆலங்கட்டி விழுந்திருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் அதே அடைவில் போடுங்கள்.

பையைத் திறந்தபடி மின்விசிறிக்கு அடியில் இரவு முழுக்க வையுங்கள். லென்ஸைத் துடைத்து, காய்ந்த பிறகே சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் இரண்டு வாரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை கிளைவிடும்.